துபாயில் இறங்கி மாறுகிறவர்

யூகலிப்டஸ் தைலம் எங்கே மணத்தாலும், திண்டுக்கல் டிராவல்ஸ் ஆபீசில் என் பக்கத்தில் காத்திருந்த அந்தப் பாத்திரக்கடைக்காரர் நினைவுக்கு வந்துவிடுகிறார். நெற்றி நிறையத் தைலம், உதடு மூடிய நரைமீசை. பேசும்போதெல்லாம் விரலில் கிடந்த செபமாலை மோதிரத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

விடுமுறைக்கு மனைவி, மகன், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தோடு லண்டன் போகிறார்களாம். நேர் விமானமா, துபாயில் இறங்கி மாறுவதா என்று ஒரு வாரமாக வீட்டில் ஓயாத பேச்சாம். நானும் என் வீட்டில் அதே பேச்சில் அலுத்துப்போய்த்தான் வந்திருந்தேன்.

“நேராப் போயிருங்கண்ணே. பிள்ளைகள வச்சுக்கிட்டு எறங்கி ஏறி அலைய முடியாது.”

“மகனும் அதத்தான் சொல்றான் தம்பி. அவங்கம்மாவுக்கு மூட்டுவலி வேற.” மோதிரம் உருண்டது. “மூத்த மக துபாய் ஏர்போர்ட்டுக்குள்ள சாக்லேட் கடையில வேலை பாக்குறா. அவளா ஒருத்தனக் கட்டிக்கிட்டதுல இருந்து தாயும் மகளும் பேசுறதில்ல. நேராப் போனா அவ தலைக்கு மேலயே பறந்து போயிருவோம்.”

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள், போனார். வெளியே வந்தபோது, இப்போதே அவ்வளவு தூரமும் பறந்து வந்தவர்போல் களைத்திருந்தார். அந்தப் பயணம் எப்படி முடிந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“மாறிப் போறதாவே போட்டுட்டேன். வீட்டுல கேட்டா, நேர் விமானத்துல சீட்டு இல்லன்னுருவேன். சாக்லேட் கடையக் கண்டா பேரப்பிள்ளைக அப்பத்தாவ இழுத்துட்டுப் போயிருங்க தம்பி. நான் செத்த தள்ளியே நின்னுக்கிருவேன். வாரேன்.”