சாமான் கொண்டுவந்தவர்

எழில்மொழி பதினோரு வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். வருடாவருடம் ஏப்ரல் முடிந்ததும் வேலை நின்றுபோகும். கல்லூரி திறந்தபின் மறுபடி கூப்பிடுவார்கள். சில வருடம் கூப்பிடக் கொஞ்சம் தாமதமாகும். அந்த நாட்களில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் அவள். அந்த பிளாக்கில் அப்படி வேறு யாரும் இல்லை.

அவள் கணவன் அன்பரசன் துறைமுகத்துக்கும் மணலிக்கும் நடுவே கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன். ஆராய்ச்சிக்காக அவள் எண்ணூர் கழிமுகத்தில் சேறு எடுக்கப் போனபோதெல்லாம் அவனும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனான். முழங்கால் வரை இறங்கி, அவள் கை காட்டிய இடத்தில் அள்ளி, பாட்டிலில் அடைத்து, தேதி எழுதி ஒட்டுவான். மூன்று வருடம் அப்படி நடந்தது. குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதும் இல்லை.

நாற்பது வயது நெருங்கும்போது வேலை வந்தது. தெற்கே, பல்கலைக்கழகம் இருப்பதாலேயே பெயர் தெரிந்த ஒரு சின்ன ஊர். உதவிப் பேராசிரியர், நிரந்தரப் பணி. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கினாள்.

"இன்னாமே யோசிக்கிற?" என்றான் அன்பரசன். "கெளம்பு. நான் இங்க வண்டிய ஓட்டிகினு கெடக்கறேன். தூத்துக்குடி லோடு வந்தா உன்ன வந்து பாத்துக்கறேன். இத்த வுட்டா இன்னொன்னு வராது."

போனாள்.

அங்கே முதலில் அவளுக்கு வீடு கிடைக்கவில்லை. புரொபசர் என்றதும் எல்லோரும் நாற்காலி போட்டார்கள். காபி வந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வியும் வந்தது. "நீங்க என்ன ஆளுக?"

"நாங்க பௌத்தம்" என்பாள். அவள் பிறந்த வீட்டில் இரண்டு தலைமுறையாக அதுதான். கேட்டவர்கள் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். மறுநாள் போன் வரும். சொந்தக்காரங்க வர்றாங்க, பெயின்ட் அடிக்கணும், இப்போதைக்கு விடுறதா இல்ல. இப்படி ஏழு வீடு.

வகுப்பிலும் நிம்மதி இல்லை. முதல் வாரம், "எல்லாரும் எழுதிகினு வாங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது. பின் பெஞ்சில் சிரித்தார்கள். இரண்டு நாளில் அது துறைத்தலைவர் செங்குட்டுவன் காதுக்குப் போனது. அவர் கதவைச் சாத்திவிட்டு, நல்லவர் போலவே சொன்னார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. படத்துல ரவுடி பேசுற மாதிரி இருக்கு. இங்க பசங்க ஒரு மாதிரி. கொஞ்சம் பார்த்துக்கங்க."

அவள் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

எட்டாவது வீட்டுக்காரி ஆவுடையம்மாள். கணவனை இழந்தவள், மகன் பெங்களூரில். மாடி போர்ஷன் காலி. அந்த வீட்டு வாசலில் எழில்மொழி கேள்விக்குக் காத்திருக்கவில்லை. பெரம்பூர்க்காரர்கள் என்றாள். சைவம் என்றாள். கணவர் கப்பல் கம்பெனியில் அதிகாரி, அடிக்கடி வெளியூர் என்றாள். ஆவுடையம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு, "படிச்ச பிள்ள வந்திருக்கது வீட்டுக்கே அழகு" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் சுண்டல் கொடுத்தனுப்பினாள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எழில்மொழி அவள் முகத்தைப் பார்க்காமலே அந்தக் கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

ஏழாவது மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கேட் திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தாள். அன்பரசன். கைலி, காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. தூத்துக்குடி லோடு கிடைத்திருக்கிறது. சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். டிரெய்லரை முக்கு ரோட்டில் நிறுத்திவிட்டு விசாரித்து விசாரித்து நடந்து வந்திருந்தான்.

அவள் படியில் ஓடி இறங்கினாள். அதற்குள் ஆவுடையம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். அன்பரசன் வாயெல்லாம் சிரிப்பாக, "மாடில இருக்கறவங்க வூடு இதானேம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு தாயி இது?" என்று ஆவுடையம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"சென்னையிலேர்ந்து சாமான் கொண்டு வந்திருக்கார்" என்றாள் எழில்மொழி. "டிரைவர்."

அன்பரசன் அவளைப் பார்த்தான். அதிக நேரம் பார்க்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமாம்மா" என்றான். "மேடமோட சாமான்."

"பெட்டியில இருந்து தண்ணி வடியுதே. மீன் வாடை வேற அடிக்கி."

"இது வேற எடத்துல எறக்க வேண்டியது. தப்பா எடுத்தாந்துட்டேன். மேடமோடது வண்டில கீது, அப்பால அனுப்பறேன்."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். உள்ளே இருந்தது காசிமேட்டில் வாங்கி ஐஸ் வைத்துக்கொண்டு வந்த வஞ்சிரம். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெரு முனை வரை பெட்டியிலிருந்து சொட்டிய ஈரம் கோடாகக் கிடந்தது. எழில்மொழி பின்னால் ஓடவில்லை. மாடிக்குப் போய் மிச்சத் துணியையும் காயப்போட்டாள். பிறகு போன் செய்தாள். எடுக்கவில்லை.

இதில் அவளுக்கு மிச்சமானது எதுவும் இல்லை. இரண்டு மாதத்தில் ஆவுடையம்மாளின் உறவுக்காரர் ஒருவர் பல்கலைக்கழக வேலைக்குத் தேர்வானவர்கள் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டார். அவள் பெயருக்கு நேரே எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவு என்று போட்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சுண்டல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆவுடையம்மாள் படியிலேயே நின்றுகொண்டு சொன்னாள். "மவன் வாரான். வீட்டை ஒழிச்சுக் குடுத்துரணும். உங்களப் பத்திக் குறையா ஒண்ணும் இல்ல."

எழில்மொழி பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்தாள். பக்கத்து அறைகளில் அவளுடைய மாணவிகளே இருந்தார்கள்.

மே மாத விடுமுறையில் வியாசர்பாடிக்கு வந்தாள். அன்பரசன் வீட்டில்தான் இருந்தான். சோறு வடித்து, காரக்குழம்பு வைத்திருந்தான். இருவரும் சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவி வைத்தபின் அவள் அழுதாள்.

"பயந்துட்டேன். மறுபடியும் வீடு தேட முடியாதுன்னு பயந்துட்டேன்."

"தெரியும்."

"என்ன வேணும்னாலும் திட்டு."

"இன்னாத்துக்குத் திட்டணும்? அந்தம்மா மேல எனுக்குக் கோவம் இல்ல. ஊரு மேலயும் இல்ல. அதெல்லாம் நம்ம பாக்காததா?" அவன் குரலை உயர்த்தவே இல்லை. "நீ ஒரு நிமிசம் முழிச்சிருந்தா, எச்சி முழுங்கியிருந்தா, அத்த புடிச்சிக்கினு நான் மனச தேத்திக்கினு இருந்திருப்பேன். நீ டக்குனு சொல்லிட்ட. ரொம்ப நாளா ரெடியா வெச்சிருந்தாப்புல சொன்ன."

அவன் சொன்னது உண்மை. கேட் சத்தம் கேட்டுப் படி இறங்குவதற்குள் எல்லாம் தயாராகி இருந்தது.

அவர்கள் பிரிந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்கிறார்கள். கரண்ட் பில் கட்டியாச்சா, துறைமுக கேட்டில் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, மழை உண்டா என்று பேச்சு போகும். தூத்துக்குடி லோடு அதற்குப் பிறகும் பலமுறை வந்திருக்கிறது. அவன் வேறு டிரைவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறான். அவள் சென்னைக்கு மாற்றிக்கொண்டு வரவும் வழியில்லை. பல்கலைக்கழக வேலையில் மாறுதல் கிடையாது. ஊருக்கு வரும்போது பிளாக்கில் இருப்பவர்களிடம் அவள் பேசும் தமிழ் இப்போது அவர்களுக்குச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறதாம். வலிந்து பழையபடி பேசிப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

சென்ற வருடம் வளாகத்துக்குள்ளேயே அவளுக்குக் குடியிருப்பு ஒதுக்கினார்கள். விண்ணப்பத்தில் கணவர் தொழில் என்று ஒரு கட்டம். 'டிரெய்லர் லாரி ஓட்டுநர்' என்று தெளிவாக எழுதினாள். அலுவலக எழுத்தர் அதைப் படிக்கக்கூட இல்லை. முத்திரை குத்தி, சாவியைத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டு படுக்கையறை வீடு. யாரும் எதுவும் கேட்பதில்லை. மீன் சமைத்தாலும் கேட்பதில்லை. அன்பரசனிடம் சொன்னாள். "வர்றேன்" என்றான். இன்னும் வரவில்லை.