போத்தலில் இல்லாத பாம்பு

போன வியாழக்கிழமை நயினாதீவில் ஒரு செத்தவீடு. வேலணையில் பஸ் ஏறி, குறிகாட்டுவானில் மோட்டார் வள்ளம் ஏறி, உப்புத் தண்ணீரில் பாதி நனைந்து போய்ச் சேர்ந்தேன்.

செத்தது சரசக்கா. என் மாமியார் வீட்டுக்கு அடுத்த வளவு. காய்ந்த காவோலை பொறுக்கப் பனை வடலிக்குள் போனவரை நல்லபாம்பு தீண்டிவிட்டது. முதலில் விஷகடி வைத்தியர், பிறகு வள்ளம், பிறகு வாடகை வான், கடைசியாக ஆஸ்பத்திரி... ஊசி போட்டார்களாம். பலனில்லை. மருந்து ஒத்துவரவில்லையா, நேரம் பிந்திவிட்டதா — யாருக்குத் தெரியும்?

தெரிந்து சொல்லியிருக்கக்கூடியவன் ஒருவன் இருக்கிறான். என் மனைவியின் தம்பி நாகேந்திரன். அவன் இப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி நிறுக்கிறான்.

கதையைச் சொல்கிறேன்.

நாகேந்திரன் விஞ்ஞானப் பட்டதாரி. படிப்பு முடிந்த கையோடு அவனுக்கு ஒரு நல்ல இடம் கிடைத்தது. கொழும்பில் ஒரு ஆய்வுகூடம், கண்டியில் ஒன்று, இந்தியாவில் ஒன்று, லண்டனில் ஒன்று — எல்லாம் சேர்ந்து பாம்பு விஷத்தை ஆராய்ந்தன. விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அங்கத்தைய பாம்பின் விஷத்தை வைத்துச் செய்தது. எங்கள் பாம்பின் விஷமும் அதே விஷந்தானா? இதுதான் கேள்வி. நாலைந்து இளம் ஆட்களை எடுத்து, உங்கள் ஊர்ப் பாம்பை நீங்களே பாருங்கள் என்று அனுப்பினார்கள். நன்றாகச் செய்தவருக்கு லண்டனில் மேற்படிப்பு. நாகேந்திரனுக்குத் தீவுப்பகுதி.

எங்கள் மாமியைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பும் புலம்பியிருக்கிறேன். நாகம் பூண்ட ஊர் அம்மனுக்கு நேர்ந்து பெற்ற ஒரே ஆண்பிள்ளை அவன். அந்த ஊரில் நல்லபாம்பு வளவுக்குள் வந்தால் தடி எடுக்கமாட்டார்கள், கைகூப்புவார்கள். செத்துக் கிடந்தால் பால் தெளித்து, வெள்ளைத் துணி சுற்றி எரிப்பார்கள். மாமி மகனைக் கோயில் வாசலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார்.

"விஷத்தை எடு ராசா, ஆருக்கும் உதவட்டும். ஆனா ஒண்டையும் சாக்காட்டப்படாது."

அவனும் சொன்ன சொல் காத்தான். பாம்பைப் பிடிப்பான். றப்பர் கட்டிய கிளாசைக் கடிக்கவிட்டு விஷத்தை எடுப்பான். நீளம், செதில் எண்ணிக்கை எல்லாம் எழுதுவான். பிறகு கொண்டுபோய் வடலிக்குள் விட்டுவிடுவான். விஷத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோவான். இப்படியே இரண்டு வருடம். ஊரே அவனைக் கொண்டாடியது. படித்தும் பழக்கவழக்கம் மறக்காத பிள்ளையாம்!

பிறகு லண்டனிலிருந்து முடிவு வந்தது. தீவுப் பாம்பின் விஷம் மற்ற இடத்து நல்லபாம்பின் விஷத்தோடு ஒத்துப்போகவில்லை. நாகேந்திரனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதைத்தானே தேடினார்கள்!

கொழும்பில் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் — அவரும் யாழ்ப்பாணத்தவர்தான் — அவனைக் கூப்பிட்டு முன்னால் இருத்திக் கேட்டார்.

"உம்மட வேலையில பிழை இல்லை. ஆனா பாம்பு எங்க?"

விஷத்தோடு அந்தந்தப் பாம்பின் உடலையும் போத்தலில் போட்டு அனுப்பவேண்டும் என்பது விதி. விஷம் வித்தியாசமாக இருந்தால், பாம்பே வேறு இனமோ என்று பார்க்கவேண்டாமா? கண்டிப் பொடியன் சுனில் தன் விரியன்களை வரிசையாகப் போத்தலில் அடைத்து வைத்திருந்தான். நாகேந்திரனோ எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டான். நயினாதீவில் பிறந்தவனுக்கு நல்லபாம்பைத் தெரியாதா?

தெரியும். அதை லண்டன்காரன் எப்படி நம்புவான்? இரண்டு வருட வேலையையும் ஒதுக்கிவிட்டார்கள். பேராசிரியர் நல்ல மனிதர், இன்னும் ஆறு மாதம் தருகிறேன், இந்த முறை போத்தலோடு வாரும் என்றார்.

அவன் ஊருக்கு வந்து மாமியிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். மாமி அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. குரல் மட்டும் வந்தது.

"சாக்காட்டு ராசா, சாக்காட்டு. ஆனா முதல் எனக்குக் கொள்ளியை வைச்சிட்டுச் செய்."

நானும் வாதாடிப் பார்த்தேன். "அது ஆராய்ச்சி, மாமி. நாலு உயிர் தப்பும்."

"அப்ப உங்கட பிள்ளையைக் கொண்டு செய்விக்கிறதுதானே?"

நாகேந்திரன் கொழும்புக்குத் திரும்பவில்லை. லண்டன் இடம் சுனிலுக்குப் போனது. எனக்கு மாமியில் வந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை. ஆனால் யாரைக் குறை சொல்வது? பெற்ற தாய் வாங்கிய சத்தியத்தையா? அத்தாட்சி கேட்ட விஞ்ஞானத்தையா?

இனிச் செத்தவீட்டுக்கு வருகிறேன். பறை முழங்கிக்கொண்டிருந்தது. நாகேந்திரன் முற்றத்து ஓரமாக நின்றான். சரசக்காவின் கணவர், எழுபதை நெருங்கியவர், கதிரையிலிருந்து எழும்பி நேரே அவனிடம் வந்தார்.

"தம்பி, வடலிக்குள்ள பாம்புகளைக் கொண்டுவந்து விட்டது நீர்தானே?"

"ஓம் அண்ணை."

"ஏன் சாக்காட்டாம விட்டனீர்?"

பெண்கள் பக்கத்தில் மாமி ஒப்பாரியை நிறுத்தியதை நான் கண்டேன். அந்தப் பாம்பு அவன் விட்ட பாம்புதானா? யாரால் சொல்ல ஏலும்? அவனாலும் ஏலாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாகேந்திரன் மெதுவாகக் கேட்டான். "சாக்காட்டியிருந்தா என்னை ஊருக்குள்ள விட்டிருப்பியளோ, அண்ணை?"

கிழவர் பெண்சாதியின் உடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி... விட்டிருக்கமாட்டம்."

பாடைக்குத் தோள் கொடுக்கப்போன நாகேந்திரனை யாரும் தடுக்கவில்லை.