குதிரைக்கு இனிஷியல்

பஹ்ரைனில் புத்தகக் கடை வேலை. சர்வீஸ் மூன்றே வருஷம், அதற்குள் அறிவுரையா என்று கேட்பீர்கள். புதிதாக விசா வாங்கி வருகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. மூன்று பெட்டி

எண்ணெய் விலை ஏறி, ஊரே கட்டிடம் கட்டக் கிளம்பிய வருஷம் வந்து இறங்கினேன். முதலாளி செய்யது காக்கா, காயல்பட்டினத்துக்காரர். மூன்றாவது மாதமே பம்பாய் ஆர்டரை என்னிடம் விட்டார்.

"பரீட்சை கைடு, சமையல் புக்கு, டிக்‌ஷனரி. வேற ஒண்ணும் வேணாம் தம்பி."

நான் பி.எஸ்ஸி. பாஸ் பண்ணியதே கௌபாய் நாவல்களுக்கு நடுவே நேரம் கிடைத்தபோது பாடம் படித்துத்தான். அமெரிக்காவின் மேற்கு எல்லை, இரண்டு குதிரைக்காரக் குடும்பங்கள், நடுவில் ஓர் ஆறு, ஒரு பகை. கை சும்மா இருக்குமா? அதில் மூன்று பெட்டி சேர்த்து ஆர்டர் எழுதிவிட்டேன். ஒரு காப்பிகூட நகரவில்லை. காக்கா பெட்டிகளை வரிசையாகப் போட்டு மத்தியானம் மேலே படுத்துக்கொண்டார்.

"தூங்கவாச்சும் ஒதவுதே."

2. பேனா பைக்குள் போனது

கடை லைசென்ஸுக்கும் எங்கள் விசாவுக்கும் கையெழுத்துப் போடுகிற உள்ளூர் அரபிதான் எங்கள் கபீல்; தாத்தா காலத்தில் பம்பாய்க்குக் குதிரை ஏற்றி விற்ற குடும்பம். அதனால் இந்தி சரளம். நாங்கள் அர்பாப் என்போம். லைசென்ஸ் வியாழக்கிழமையோடு கலாஸ். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்தவர் நாவல் அட்டையில் இருந்த குதிரையைப் பார்த்துவிட்டார்.

"இது எந்தக் குடும்பத்துக் குதிரை?"

காக்கா என்னை முன்னால் தள்ளினார். நான் ரூமில் கற்ற இந்தியில் கதையை ஆரம்பித்தேன். அவர் சாயா குடித்தபடி கேட்டார், கையெழுத்தை மறந்து போய்விட்டார். செவ்வாயும் வந்தார், கேட்டார், போனார். ஞாபகப்படுத்தக் காக்காவுக்குத் தைரியமில்லை.

"கதையைச் சுருக்குடா தம்பி! ரெண்டு பேரும் கப்பல் ஏறணும் போலிருக்கே!"

புதன்கிழமை சுருக்கினேன். மின்னல் என்கிற பெண்குதிரைக்காக இரு குடும்பமும் துப்பாக்கி தூக்கும் கட்டம். அர்பாப் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "மின்னல் யார் வழி?"

புத்தகத்தில் அது இல்லை. நம் ஊர் ஆள் வம்சம் சொன்னால் எப்படிச் சொல்வான்? இனிஷியல்தானே? "அப்பா இடி. தாத்தா புயல். கொள்ளுத் தாத்தா சூறாவளி" என்று அடுக்கினேன்.

"அப்பன் யாருக்கு வேணும்? தாய் யாரு?"

"புத்தகத்தில் மாஃபி, அர்பாப். இல்லவே இல்லை."

அவர் முகம் சிவந்துவிட்டது. "குதிரைக்கு வம்சமே தாய்தான். தாயை மறைக்கிறவன் திருட்டுக் குதிரை விக்கிறவன். இந்த மாதிரி ஆளுங்க கதையா என் பேர்ல நடக்கிற கடையில?"

பேனா பைக்குள் போனது. அவரும் போனார்.

காக்கா என்னைத் திட்டவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து, "உன் ட்ரங்குல இடம் இருக்கா? என் ரெண்டு கைலியையும் வச்சிரு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

3. வியாழன்

காலையிலேயே அர்பாப் வீட்டு வாசலில் நின்றேன். கூடவே காக்கா, கக்கத்தில் லைசென்ஸ் பேப்பர்.

"தாய்வழி கிடைச்சிட்டுது அர்பாப்!"

"சொல்லு."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பெயர்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் பறந்துவிட்டன. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மின்னலோட தாய் கோமளம். கோமளத்தோட தாய் தர்மாம்பாள். அவளுக்குத் தாய் அலமேலு."

அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "அலமேலுவோட தாய்?"

நிஜமாகவே தெரியாது. அப்பா வழியில் ஏழு தலைமுறை தலைகீழாகச் சொல்வேன்.

"அர்பாப், அது குதிரை இல்லை. கோமளம் எங்க அம்மா."

காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உன் அம்மா பேரையா வச்சே?"

"ஆமாம். தாய்வழின்னதும் அதுதான் வந்தது."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் லாயத்துக் குதிரை ஒன்று கனைத்தது. "பொய் சொல்லக்கூடத் தாய்கிட்டதான் போயிருக்கான்!" பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "நாலாவது பேரை ஊருக்கு எழுதிக் கேளு. யல்லா, மின்னல் என்ன ஆச்சு?"

பாடம் இதுதான்: ஒரு சரக்கைப் பற்றி வாய் திறக்கும் முன், கேட்கிறவர் அதை எந்தப் பக்கமிருந்து பார்க்கிறார் என்று விசாரியுங்கள்.

அம்மாவின் பதில் வந்தது. "நாலாவது செங்கமலம். எதுக்குத் தாய்வழி கேக்கறாங்க? பெண் வீட்டார் நல்ல குடும்பமா?"

ஈசா டவுனுக்கு அப்பால் அர்பாப் லாயத்தில் இப்போது ஒரு குட்டி துள்ளுகிறது. பெயர் கோமளம். அம்மாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.