முழுதாகப் படிக்காத கட்டுரை

கொடைக்கானலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தைலக்கடை வைத்திருந்த அக்கா ஒருநாள் யூகலிப்டஸ் தைலப் புட்டியோடு வந்தார். பள்ளங்கி கிராமத்தில் அவருடைய தம்பி காய்ச்சிய தைலம்.

"டர்பன்டைன் கலந்திருக்குன்னு ஒருத்தரு கடையில சத்தம் போட்டுட்டாரும்மா. தம்பி அப்படிச் செய்யமாட்டான். எதுக்கும் பாத்துச் சொல்லுங்க."

சிலிக்கா மாவு பூசிய கண்ணாடித் தகட்டில் எண்ணெயைச் சொட்டு வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், அதிலுள்ள பொருள்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து மேலேறும். எந்தக் கரைப்பான் என்று இணையத்தில் தேடினேன். பொருத்தமான கட்டுரையின் சுருக்கம் மட்டும் திறந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். சோதனை செய்யவும் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதுவரை புட்டி ஜன்னலோரம் வெயிலில் இருந்தது.

தகட்டில் இருக்கக்கூடாத ஒரு புள்ளி வந்தது. "கலப்படம்தான்க்கா" என்று போனிலேயே சொன்னேன்.

மறு வருடம் மாணவர்களுக்குப் பாடம் தயாரிக்க அதே கட்டுரையை ஒரு நூலகத்துக்கு எழுதி வாங்கினேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: வெயில் பட்டுப் பழசானால் சுத்தமான தைலமும் கூடுதல் புள்ளி காட்டும்.

வேறு யாருக்காவது இது தெரியவருமா என்றுதான் முதலில் யோசித்தேன். அக்காவிடம் போய், "பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்று பொய் சொல்லி, தம்பி காய்ச்சியதில் பெட்டிக்குள் சீல் உடையாமல் கிடந்த பழைய புட்டி ஒன்றை வாங்கினேன். தகட்டில் அந்தப் புள்ளி வரவில்லை.

அன்றே கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாம்மா. படிச்ச பிள்ள சொல்லுதேன்னு அவன நம்பாம விட்டுட்டேன்."

தம்பி தைல அடுப்பை இடித்துவிட்டுப் பெரும்பாறையில் காபி எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். நடந்ததைத் தம்பியிடம் சொன்னேன்.

"அந்தக் கட்டுரைய வாசிச்சு முடிக்க எம்புட்டு நேரம் ஆகும்ங்க?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம்."

அவர் தலையாட்டினார். அக்காவுக்கு மட்டும் டீ வாங்கி வந்தார். பொங்கலுக்குத் தம்பி அக்கா வீட்டுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டேன். தைலம் மட்டும் அவர் திரும்பக் காய்ச்சவில்லை.