பதில் ஸலாமுக்கு ஒரு பட்டன்

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, கடையைச் சாத்தி, மாடிப்படி ஏறி அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்காரும்போதே எனக்குக் கண்ணைக் கட்டும். காலையிலிருந்து சொட்டுநீர்க் குழாயும் எல்போ மூட்டும் எடுத்துக் கொடுத்த கை. அதே கையால் கீபோர்டில் எழுத்துத் தேட வேண்டும். உத்தமபாளையத்தில் பத்தாவதோடு நின்றுபோன, நரை விழுந்த ஒருத்தன் புரோகிராம் படிக்க வந்து உட்கார்ந்தது மற்றவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

"வாங்க பாய், இன்னைக்காவது தூங்காம இருப்பீகளா?" என்பார் டீச்சர்.

"நீங்க புரியிற மாதிரி சொன்னா நான் ஏன் தூங்கப் போறேன்?"

நான் படிக்கப் போனது என் வீட்டுக்காரிக்காக. பக்கவாதம் வந்து அவளுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, தொட்டால் பேசுகிற மாதிரி ஏதாவது வைத்துக் கொடுங்கள் என்றார். போனில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. எழுத்து பொடிசு, இடது கைக்கு அது நழுவியது, அது பேசிய தமிழும் எங்கள் வீட்டுத் தமிழாக இல்லை. மகள் கல்யாணமாகித் தேவாரம் ஊருக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதில் பெரிய பட்டன்களாக நானே போட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சேர்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு தடவை புரோகிராமை ஓடவிடும் முன்னும் பிஸ்மில்லாஹ் சொல்வேன். சிவப்பு எழுத்தில் தப்பு என்று வரும். டீச்சர் எட்டிப் பார்ப்பார். "ஓதுனது சரி பாய். வரி முடிவுல ரெண்டு புள்ளி வைக்கணும்ல?"

ஒருவழியாகத் திரையில் ஒரு ஜன்னல் வந்தது. தண்ணீர், பசி, வலி, ஃபேன், பாத்ரூம் என்று பட்டன்கள். மகள் அங்கிருந்தே பேசிப் பதிந்து அனுப்பிய குரல்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தேன். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் பாய் புரோகிராம்ல கிளாஸுன்னு ஒண்ணு இருக்கு. கிளாஸுங்கிறது பணியாரச் சட்டி. ஆப்ஜெக்ட் பணியாரம். சட்டி ஒண்ணுதான், பணியாரம் வேணுங்கிற மட்டும் ஊத்திக்கலாம்."

புரிந்த மாதிரி இருந்தது. படி இறங்குவதற்குள் போய்விட்டது.

வீட்டில் அந்த ஜன்னலைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அவள் எல்லாவற்றையும் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். அதற்குப் பிறகு தொடவில்லை. ஆட்கள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதும் மாறவில்லை. ஆரம்பத்தில் தினம் யாராவது பார்க்க வந்தார்கள். இவள் திரும்பிப் படுக்கப் படுக்க, வரத்து குறைந்துபோனது. கடைசியில் எதிர்வீட்டுக்காரி மட்டும்தான். இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்து சிநேகம். ஒருநாள் அவளும் வாசலில் நின்று ஸலாம் சொன்னாள். இவள் சுவரைப் பார்த்தாள்.

"நான் வர்றது இவளுக்குப் பிடிக்கலை போலண்ணே. வந்து வந்து ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரி செருப்பை மாட்டினாள்.

அவள் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் பட்டன் போட்டுக் குடுத்திருக்கேன். ஒண்ணையாச்சும் அமுக்குனா என்ன?" என்றேன். என் வீட்டுக்காரி இடது கையால் வாசலைக் காட்டினாள். பிறகு தன் வாயைத் தொட்டாள். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். எனக்கு விளங்கவில்லை. சாயங்கால அஸருக்குப் பாங்கு சொல்லவும் எழுந்து போய்விட்டேன்.

தொழுதுவிட்டுத் திரும்பும்போது எதிரே வந்த ஒருவர் ஸலாம் சொன்னார். என் வாய் தன்பாட்டுக்குப் பதில் சொன்னது. சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வீடு தேடி வருகிற ஒவ்வொருவரும் முதலில் சொல்வது ஸலாம். பதில் சொல்வது கடமை. சின்னப் பிள்ளை சொன்னாலும் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்துப் பதில் சொன்னவள் அவள். நான் போட்டுக் கொடுத்த பட்டன்கள் எல்லாம் கேட்டு வாங்குகிறவை. திருப்பிக் கொடுக்க அதில் ஒன்றுகூட இல்லை. பேச முடியாதவர் கையசைத்தால் போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவளுக்குப் போதவில்லை.

அன்றைக்கே மகளிடம் சொன்னேன். "அத்தா, அம்மா சொல்ற மாதிரி இழுத்துச் சொல்றேன்," என்று பதிந்து அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பட்டன்களை எல்லாம் டீச்சர் சொன்னபடி கிளாஸாகவே மாற்றி எழுதினேன். கடைசியாக ஸலாம் பட்டன். நான் முடிக்கும்போது டீச்சர் கிளம்பிவிட்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டேன். அவள் தண்ணீரை அழுத்தினாள். 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்று பதில் ஸலாம் சொன்னது. பசியை அழுத்தினாள். அதற்கும் ஸலாம். பாத்ரூமுக்கும் ஸலாம். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அவள் ஒரு பக்க வாயால் சிரித்தாள். நோய் வந்ததற்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன்.

நாளைக்குச் சரிபண்ணலாம் என்று விட்டுவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய் ஒரு எட்டு வந்துபோகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நின்று, தயங்கினபடி ஸலாம் சொன்னாள். என் வீட்டுக்காரி இடது கையை நீட்டினாள். அது எங்கேயோ போய், ஃபேன் பட்டனில் விழுந்தது.

'வஅலைக்குமுஸ்ஸலாம்.'

எதிர்வீட்டுக்காரி கட்டிலில் வந்து உட்கார்ந்து முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். "தண்ணி எதுவும் வேணுமா புள்ள?" என்றாள். இவள் தண்ணீரை அழுத்தினாள். மறுபடி ஸலாம்.

"ஒருக்கா சொன்னாப் போதும். உன் வீட்டுக்காரரு செஞ்ச மிஷினு, அவரு மாதிரியே சொன்னதையே சொல்லுது."

மறுநாள் டீச்சர் பார்த்தவுடன் கண்டுபிடித்தார். "சத்தம் ஒவ்வொரு பணியாரத்துக்குள்ளயும் தனியா இருக்கணும் பாய். நீங்க சட்டியிலயே வச்சிட்டீக. கடைசியா வச்சதுதான் எல்லாத்துக்கும் வரும்." திருத்திக்கொண்டேன். இப்போது தண்ணீர் தண்ணீர் என்கிறது, வலி வலி என்கிறது. ஆனால் அவள் அவற்றை அதிகம் தொடுவதில்லை. தாகம் என்றால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் எழுந்து போவேன். கடை, அடுப்படி, அவளைத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் முன்போலத்தான்; இடுப்பு விட்டுப்போகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் அவள் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை. இடது கையை நீட்டி அந்த ஸலாம் பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.