ஜெயராசா கங்காணி ஹேவ் போட்ட கதை

ஹாலிஎலயில் டியூஷன் நடத்திப் பிழைக்கும் எனக்கு இரண்டு வகை மாணவர்களைப் பிடிக்காது. பாடம் புரியாதவர்கள் ஒரு வகை. புரிந்துகொண்டு என்னையே மடக்குபவர்கள் இன்னொரு வகை. ஜெயராசா கங்காணி இரண்டுமாக இருந்தார்.

வயது ஐம்பத்திரண்டு. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அவர் கங்காணி. அவர்கள்தான் அவரை மேய்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. மனைவி பாக்கியலெட்சுமியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டித் தேநீர் கொடுக்கத் தோட்டத்தில் ஓர் ஆளைத் தேடினார்கள். இங்கிலீஷ் பேச வேண்டும். வேலையோடு தனி வீடும் உண்டு. ஜெயராசாவுக்கு அந்த வீட்டின் மேல்தான் கண். மகன் ரமேஸ் கல்யாணம் முடித்து மொனராகலையில் வாடகைக்கு இருந்தான். இவர்கள் இருந்த தோட்ட லயத்து வீட்டில் ஒரே காம்பரா, அந்த ஓர் அறைதான் எல்லாமும். மகனும் மருமகளும் பேத்தியும் காலை பஸ்ஸில் வந்தால் பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். பேத்தி ஒரு ராத்திரிகூட அங்கே தூங்கியதில்லை. பாக்கியலெட்சுமிக்கு அது தீராத மனக்குறை.

அதனால்தான் என்னிடம் வந்தார். நானும் பாடத்தைத் தொடங்கினேன்.

"முடிஞ்சு போன காரியம்னா பாஸ்ட் டென்ஸ். முடிஞ்சும் அதோட பலன் இன்னைக்கு வரைக்கும் இருந்தா ஹேவ் போடணும்."

"வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போனதுக்கு எது சேர்?"

"அவன் எப்பவோ போயிட்டான். பாஸ்ட்."

"எங்க சேர் போனான்? பங்களா இருக்கு, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இருக்கு, தொரைன்னு கூப்பிடுறதும் இருக்கு. ஹேவ்தான்."

லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, அதற்கும் ஹேவ்தான் என்றார். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம். "எங்க தோட்டத்துல எதுதான் சேர் முடிஞ்சிருக்கு?" என்று என்னைக் கேட்டார். பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும். "எல்லாத்துக்கும் ஹேவ் போட்டுத் தொலைங்க" என்று விட்டுவிட்டேன்.

நேர்முகத் தேர்வுக்குக் கொழும்பிலிருந்து நிரஞ்சலா மேடம் வந்தார். தைரியத்துக்கென்று ஜெயராசா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மலைமேல் இருக்கும் கொட்டகையில் தேநீர் தயாராக இருக்க வேண்டும் என்று முதல் நாளே தகவல் வந்திருந்தது. ஹேவ் படித்த மும்முரத்தில் மனிதருக்கு அது மறந்தே போயிற்று.

மேடம் இங்கிலீஷில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். தேநீர் ஏற்பாடெல்லாம் செய்துவிட்டீர்களா?

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததா என்று தொரை கேட்டால், தொடங்காத வேலைக்கும் "முடிஞ்சுதுங்க" என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் அங்கேயே ஏச்சு விழும். முடிந்தது என்றால், தொரை போய்ப் பார்ப்பதற்குள் முடித்துவிடலாம். அந்தப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டது.

"யெஸ் மேடம், ஐ ஹேவ் ஃபினிஷ்ட்!"

இலக்கணம் சுத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடம் "குட்" என்று எழுந்தார், போய்ப் பார்க்கலாம் என்றார். ஜெயராசாவின் முகம் வெளிறியதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. மேலே அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை. வீடு போயிற்று என்று நினைத்தேன்.

கொட்டகைக்கு ஐந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். ஜெயராசா குறுக்குப் பாதையை விட்டு, மலையைச் சுற்றிப் போகும் பாதையில் மேடத்தைத் திருப்பினார். மேட்டில் நின்ற பெண்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"பாக்கியம்! கொட்டகைக்கு ஓடு! தண்ணி கொதிக்க வையி! கோப்பையெல்லாம் கழுவு!"

என்ன சத்தம் என்று மேடம் கேட்டார். நல்ல கொழுந்தாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன் என்று ஜெயராசா இங்கிலீஷில் புளுகினார்.

அப்புறம் அவர் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு செடிக்கும் நின்றார். அட்டை கடித்தால் என்ன செய்வது, சிறுத்தை வந்த அன்று யார் யார் மரத்தில் ஏறினார்கள், எந்தத் தொரை தண்ணீர் ஓடும் பீலிக்கானுக்குள் விழுந்தார் என்று அவிழ்த்துவிட்டார். என்னிடம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த மனிதர்! பாஸ்டும் ஹேவும் ஒரே சாக்கில் கிடந்து உருண்டன. எனக்கு மானம் போயிற்று. மேடமோ விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் கொட்டகையை அடைந்தபோது கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பாக்கியலெட்சுமி கொழுந்துச் சாக்கைக்கூட இறக்காமல், மூச்சிரைக்கத் தேநீர் ஊற்றினாள். மேடம் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார். பிறகு தமிழில் பேசினார்.

"நான் பதுளைக் கடைவீதியில பொறந்தவ அண்ணே. நீங்க கத்துனது அத்தனையும் வெளங்குச்சு."

ஜெயராசா கையைக் கூப்பினார். "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

"அஞ்சு நிமிசப் பாதையில அர மணி நேரம் நடக்க வச்சீங்க. கால் வலிச்சதே தெரியல. வாரவங்களையும் இப்பிடியே கூட்டிட்டு வாங்க. வீட்டுச் சாவிய ஆபீஸ்ல வாங்கிக்குங்க."

ஜெயராசா அவசரமாக இன்னொரு கோப்பைத் தேநீரை ஊற்றி மேடத்திடம் நீட்டினார். பாக்கியலெட்சுமி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"டேய் ரமேஸ்," என்றாள் அழுதுகொண்டே, "ஞாயித்துக்கெழம வாறப்போ புள்ளைக்கு மாத்துத் துணியும் எடுத்துக்கிட்டு வாங்கடா."