நான் கேரண்டி கொடுத்த கடல்

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் பூமியின் அடுக்குகளை நடத்தி முடித்த வாரத்திலிருந்து எங்கள் கோந்த்வா வீட்டில் நிலவியல் விவகாரங்கள் அனைத்தும் என் பொறுப்பு. தயிருக்காக ஆற வைத்திருந்த பாலில் இரண்டு விரல்களை விட்டு ஆடையை எதிரெதிராகத் தள்ளி, நடுவில் சுருக்கம் எழும்பியதும் "இதாம்மா இமயமலை" என்று அறிவித்தேன். ஆடைதான் நாம் குடியிருக்கும் தட்டு, கீழே இருக்கும் பால்தான் மேன்டில். அம்மா கரண்டிக் காம்பால் விரலில் ஒன்று போட்டாள். இமயமலை வடிகட்டியில் போய்ச் சேர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா அலிபாக் கடற்கரைக்குப் போகலாம் என்றார். அவர் கோயம்புத்தூர்க்காரர். கடல் என்றால் அவருக்கு விடுமுறை, அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் கடலருகிலேயே வளர்ந்த அம்மா வர மாட்டேன் என்றாள். அவளுடைய தம்பியைச் சுனாமி கொண்டுபோனது எனக்குத் தெரியும். ஹாலில் மாலை போட்ட படத்தில் அந்த மாமா சிரித்துக்கொண்டிருப்பார். தெரியும் என்றால், பரீட்சைக்குப் படித்த ஒரு வரியைத் தெரிந்துவைத்திருப்பது போலத் தெரியும்.

அப்பா கெஞ்சிப் பார்த்துத் தோற்ற இடத்தில் நான் இறங்கினேன்.

"அரபிக்கடலுக்கு அடியில தட்டு மோதலே கிடையாதும்மா. சுனாமி வரவே வராது. நான் கேரண்டி."

அந்தக் கடலின் வடகரையிலும் தட்டுகள் மோதுகின்றன என்பது என் பாடப்புத்தகத்தில் இல்லை. அம்மா துண்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலை கரைச்சுவரில் அறைந்துகொண்டிருந்தது. அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பி வந்தால் கடலைக் காணோம். எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் வெறும் ஈர மணல். சுனாமிக்கு முன்னால் கடல் உள்வாங்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

"சுனாமி! ஓடுங்க!"

அம்மாவும் நானும் இளநீர்க் கடைகளைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கண்ணில் பட்ட ஒரு லாட்ஜின் படிகளில் ஏறி மொட்டைமாடியில் போய் நின்றோம். அப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். அவருக்கும் பின்னால் லாட்ஜ்காரர், மராத்தியில் கத்திக்கொண்டே.

"ஓஹோட்டி ஆஹே, தாயி! ரோஜ் ஹோத்தே!"

தண்ணீர் வடிகிற நேரமாம், தினமும் நடப்பதாம். மாடியிலிருந்து பார்த்தால், அந்த ஈர மணலில்தான் கடலுக்குள் இருக்கும் கோட்டைக்குக் குதிரை வண்டிகள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏனுங் மேடம், கேரண்டி குடுத்தவங்களே ஓடலாமுங்களா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா சிரிக்கவில்லை. "திரும்பி எப்படி வரும்னு கேளுங்க" என்றாள். மெதுவாகத்தான் வரும், சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றார் லாட்ஜ்காரர். அவள் கீழே இறங்க மறுத்துவிட்டாள். அவரே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கடல் எந்த அவசரமும் இல்லாமல் முழம் முழமாக வந்து, வெளிச்சம் மங்கும்போது சுவரைத் தொட்டது. அதுவரை கண் எடுக்காமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். பிறகு இறங்கிப் போய்த் தண்ணீரில் காலை வைத்தாள்.

என் ஒரே ஒரு வார்த்தையை நம்பி அம்மா மாடி ஏறினாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன். பல வருடங்கள் நானும் அப்படியே நம்பினேன்.

நாகப்பட்டினத்தில் கடல் தினமும் இப்படி வடிந்து போகாது. அங்கே ஏற்றமும் இறக்கமும் கொஞ்சம்தான். அவ்வளவு தூரம் உள்ளே போன கடலை அம்மா அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். அன்று மணலில் துள்ளிய மீன்களைப் பிடிக்க மாமா உள்ளே ஓடினார். அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலிபாக்கில் "சுனாமி" என்று நான் கத்தியது ஓடிக்கொண்டேதான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.